ஹிண்டே சேர்த்த வால்கள்

பெர்னார்ட் தெரு ரொட்டிக் கடையில் கால் மணி நேரம் நின்றால் போதும். மாண்ட்ரியலின் அந்தப் பகுதியில் யாருக்கு நிச்சயதார்த்தம், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசுவதில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஹிண்டே அங்கே இருபத்திரண்டு வருடமாக ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். இதில் எதைப் பற்றிக் கேட்டாலும், "நான் கவனிக்கலியே" என்பார். பாசாங்கு இல்லை. அவர் காது சொல்லின் கடைசி அசையில் மட்டும்தான் இருந்தது.

அவர் வீட்டுக்கு மேல்மாடியில் நான் பல வருடம் குடியிருந்தேன். அவரை அறிஞர் என்று சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரர். தன்னைத் திருத்துகிறவர்களை அவருக்கு லேசில் பிடிக்காது. அவர் வைக்கும் சூப்பில் உப்பு இருக்காது. ஆனால் ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதுபடுத்தாமல், சின்னதாகவே வைத்துக்கொண்டு, அத்தனை வருடம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரை நான் சந்தித்ததில்லை.

அந்தச் சின்ன விஷயத்துக்கு அவர் வைத்த பெயர் வால். அந்தப் பகுதி யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் ஒரு தொழிலின் பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டினால் அது பெண்ணாகிவிடும். லேரர் என்றால் வாத்தியார். லேரர்கே என்றால் பெண். லேரரின் என்றாலும் பெண்தான். டாக்டருக்கு ஒட்டுகிற வால் வேறு: டாக்டர்ஷே. எந்த வால் எங்கே ஒட்டும், ஒட்டினால் எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்பதற்கு யாரும் சட்டம் போடவில்லை. ஹிண்டே எனக்கு ஒருமுறை இப்படி விளக்கினார்: "லேரரின்னு சொன்னா அந்தம்மா நாற்காலியில உக்காந்திருக்காங்க. லேரர்கேன்னு சொன்னா எந்திரிச்சு நடமாடறாங்க. அவ்வளவுதான்."

கடையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஆரம்பித்தது இது. முதலாளி உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை நீட்டி, "டாக்டர்ஷேக்கு எடுத்து வச்சது" என்றார். வரிசையில் இரண்டு பெண்கள் கை நீட்டினார்கள். ஒருவர் பல் டாக்டரின் மனைவி. இன்னொருவர் தானே கண் டாக்டர். நம் ஊர் 'டாக்டரம்மா'வைப் போலத்தான் அந்தச் சொல்லும், இருவரையும் குறிக்கும். முதலாளி இன்னொரு பின்னல் ரொட்டியைக் கொடுத்துச் சமாளித்துவிட்டார். ஹிண்டே மட்டும் ஒரு காகிதப் பையைக் கிழித்து, சொல்லையும் சொன்னவரையும் நாளையும் குறித்து, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுதான் முதல் சீட்டு.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. தையல்காரி, பால்காரி, வம்புக்காரி, தோழி என்று பெண்ணைக் குறிக்கும் எந்தச் சொல் வந்தாலும் சீட்டு. ஒருத்தி பலராகும்போது வாலுக்கு மேல் வால் ஒட்டுமே, அதற்கும் தனிச் சீட்டு. இத்திஷுக்குள் ஹீப்ருச் சொற்கள் ஏராளம். அவை தங்கள் பழைய வால்களோடு வந்து குடியேறியவை. ஹீப்ருவில் பெண்பால் பன்மைக்கு 'ஓத்' என்ற வால், ஆண்பாலுக்கு 'ஈம்'. ஆனால் அப்பாக்கள் என்ற சொல்லுக்குப் பெண்களின் வாலையும், பெண்கள் என்ற சொல்லுக்கு ஆண்களின் வாலையும் ஒட்டிவைத்திருக்கிறது அந்த மொழி. ஹிண்டேயின் கணவர் கால்மன் சலவைக் கடையில் நீராவி இஸ்திரி போடுகிறவர். பிரார்த்தனைச் சால்வைகளை மடிக்கும்போதெல்லாம் சொல்வார்: "இந்தச் சால்வையைப் பாரு. ஹீப்ருல ஒண்ணா இருந்தாலும் பத்தா இருந்தாலும் பொம்பளை. நம்ம வீட்டுப் பேச்சுல பத்தாச்சுன்னா ஆம்பளை வாலை ஒட்டிக்குது. பாவம், அதுக்கே அது யாருன்னு தெரியல."

"அதை யாரு சொல்லிக் கேட்ட? எந்தக் கிழமை?" என்பார் ஹிண்டே, பென்சிலைத் தேடிக்கொண்டே.

"நான்தான் சொன்னேன். இப்பத்தான்."

"நீ கணக்குல வர மாட்ட. உனக்கு நான் எழுதறது தெரியும்."

தெரிந்து பேசுகிறவர் பேச்சை அவர் எடுத்துக்கொள்ளவே மாட்டார். அந்த ஒழுங்கை நான் மதித்தேன். என்னிடமும் ஒருமுறை கேட்டார், தமிழில் என்ன வால் என்று. சொன்னேன். 'அவர்' என்ற சொல்லில் ஆணா பெண்ணா என்பது தெரியாது என்றபோது பென்சிலை நிறுத்தினார். "மரியாதை குடுத்தா வாலை வெட்டிடுவீங்களா?" என்று கேட்டார். 

சீட்டுகளால் பதினோரு ஷூ பெட்டிகள் நிறைந்தன. எல்லாம் ரொட்டிப் பைகளின் காகிதம். அதனால் ஒவ்வொரு வருடமும் பாஸ்கா பண்டிகை வரும்போது ஒரு தொல்லை. அந்த எட்டு நாள் வீட்டில் புளித்த மாவின் பொட்டுத் துணுக்குகூட இருக்கக் கூடாது. ஹிண்டேயின் எந்தச் சீட்டை உதறினாலும் ரொட்டித் தூள் கொட்டும். அவர் பெட்டிகளை ஓர் அலமாரியில் பூட்டி, மற்றப் புளித்த பொருள்களோடு அதையும் வேற்று மதத்தவருக்கு விற்றதாக எழுதிக் கொடுத்துவிடுவார். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அந்த வருடம் பதினோராவது பெட்டி அலமாரியில் நுழையவில்லை. கால்மன் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். நான் யூதர் இல்லை. என் வீட்டில் ரொட்டித் தூள் இருந்தால் யாருக்கும் பாவமில்லை. எல்லாப் பெட்டிகளையும் என் வீட்டில் வைத்துவிடலாம். வியாழக்கிழமை காலை அவற்றைக் கயிற்றால் கட்டி, கீழ்க் கூடத்தில் என் மாடிப்படிக்கு அருகே கொண்டுவந்து வைத்தார். முழங்கால் வலித்தது. சாயந்திரம் மேலே ஏற்றலாம் என்று வேலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம், சட்டைப் பையில் அந்த வாரத்துச் சீட்டுகளோடு ஹிண்டே வீடு திரும்பினார்.

"கால்மன், பெட்டியெல்லாம் எங்க?"

"படியடியில. நேத்து வேலை முடிஞ்சு வந்தப்ப காணோம். மாடியம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

மாடியம்மா நான்தான். அது ஹிண்டே எனக்கு ஒட்டிய வால். மேலே வந்து கேட்டபோது, நான் எடுக்கவில்லை என்றேன். மூவரும் கூடத்துக்கு இறங்கினோம். சுவரில் கால்மன் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'புதைப்பதற்கு. இங்கிருப்பதை எடுத்துச் செல்லவும்.'

அங்கே கடவுளின் பெயர் எழுதிய எந்தத் தாளையும் குப்பையில் போட மாட்டார்கள். கிழிந்த பிரார்த்தனைப் புத்தகங்களையெல்லாம் சேர்த்துவைத்து, ஆளைப் புதைப்பது போலக் கல்லறையில் புதைப்பார்கள். பாஸ்காவுக்காக வீட்டை ஒழிக்கும்போது அதற்கென்று ஒரு வண்டி தெருத் தெருவாக வரும். கால்மன் பழைய புத்தகங்களைச் சாக்கில் கட்டி முதல் நாளே அங்கே வைத்திருந்தார். பெட்டிகளை அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்தபோது தாளைப் பற்றிய நினைவு அவருக்கு இல்லை. பெட்டிகளின் பக்கவாட்டில் எல்லாம் ஹீப்ரு எழுத்து; இத்திஷையும் அதில்தான் எழுதுவார்கள். கயிற்றுக்கட்டு. வண்டிக்காரர் எதைக் கண்டார்?

ஹிண்டே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம், கால்மன்."

கால்மன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் செய்தவற்றில் புத்திசாலித்தனமான காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

சபாத் என்னும் வார ஓய்வு நாளுக்கு விளக்கேற்ற இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஹிண்டே ஜெபக்கூட அலுவலகத்துக்குப் போன் செய்தார். புதைப்பது ஞாயிறு காலை பத்து மணிக்கு. வண்டிக்காரர் பெயர் அன்ஷெல். அவர் வீட்டு நம்பரையும் கொடுத்தார்கள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஆட்கள் குளியலறையில்தான் இருப்பார்கள். அதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. இனி மறுநாள் இருட்டும்வரை போனைத் தொடக் கூடாது, எழுதக் கூடாது, வண்டி ஏறக் கூடாது.

சனிக்கிழமை காலை ஜெபம் முடிந்து கால்மன் என் கதவைத் தட்டினார். சபாத்தில் எங்களைப் போன்றவர்களிடம் நேராக ஒரு வேலை சொல்வது அவர்களுக்குத் தடை. பட்டும் படாமல் பேச வேண்டும்.

"உங்க போன் நல்லா வேலை செய்யுதுல்ல?" என்றார்.

"செய்யுதே."

"நல்ல போன். சும்மாவே உக்காந்திருக்கு பாவம். யாருக்காவது அன்ஷெல்னு ஒருத்தர்கூடப் பேசணும்னு தோணிச்சுன்னா..."

கீழேயிருந்து ஹிண்டேயின் குரல் வந்தது. "கால்மன்! அன்ஷெல் வீட்ல இன்னைக்கு யாரு போனை எடுப்பா? அவங்களுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமையா?"

கால்மன் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கினார்.

அன்று முழுக்க ஹிண்டே அழவில்லை. சபாத்தில் துக்கம் கொண்டாடக் கூடாது. விருந்தாளிகளுக்கு உப்பில்லாத சூப்பை ஊற்றிக் கொடுத்துச் சிரித்தபடி இருந்தார். முகத்தில் ஒரு கடமையாகச் சிரிப்பை வைத்திருப்பது பொய்யா என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். மூன்று மணி நேரம் கழித்து அந்தச் சிரிப்பு பாதி உண்மையாகிவிட்டிருந்தது.

இருட்டியதும் போனைப் பிடித்தார். அன்ஷெல் வீடு எங்கேஜ். ஐந்து நிமிடம் கழித்தும் எங்கேஜ். ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே.

"அங்க யாருக்கோ சம்பந்தம் பேசறாங்க போல" என்றார் கால்மன்.

"நீ பேசாத."

ஞாயிறு காலை அவர்களை என் காரில் அழைத்துப்போனேன். ஹிண்டே முன்னால், கால்மன் பின்னால். கல்லறைத் தோட்டத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. ஓரத்தில் பெரிய குழி. அதற்குள் சாக்குகளும் பெட்டிகளும் கிடந்தன. மண் வாரும் இயந்திரத்தின் டிரைவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, இயந்திரத்தின் கையை மெல்ல உயர்த்தினார். குழியின் விளிம்பில் ரப்பர் பூட்ஸோடு ஒரு குள்ளமான மனிதர் நின்றார். அதுதான் அன்ஷெல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நிறுத்துங்க!" என்று ஹிண்டே சேற்றில் ஓடினார். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

இயந்திரத்தின் கை பாதி உயரத்தில் நின்றது. டிரைவர் மறுபடி காபியை எடுத்துக்கொண்டார்.

"ஷூ பெட்டி... பதினொண்ணு... கயிறு கட்டினது."

அன்ஷெல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ! நீங்கதானா அது?"

"எங்க?"

"ஒண்ணு அதோ." குழியைக் காட்டினார். "நான் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்மா. ஜனங்க எதையெல்லாம் அனுப்பறாங்க தெரியுமா? பீட்சா நோட்டீஸ், கரண்ட் பில், ஒருத்தர் அவர் மாமியாரோட லெட்டர் மொத்தத்தையும். உங்க ஒரு பெட்டி பூரா வேத வசனம். கடவுள் பேரைச் சுருக்காம முழுசா எழுதி வச்சிருக்கீங்க. ரொட்டிப் பையில! அதைத் திருப்பிக் குடுத்தா மறுபடி ரொட்டித் தூளோட வைப்பீங்க. அது போக வேண்டியதுதான்."

"சொன்னேன், சுருக்கி எழுதுன்னு" என்றார் கால்மன், இரண்டு நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்து.

ஹிண்டே குழியைப் பார்த்தார். அது ஒன்பதாவது பெட்டி. வேதத்தில் வரும் பெண்களைப் பற்றியது: தீர்க்கதரிசினி, அரசி, தாதி, பாடகி. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பார்த்து எழுதியது.

"போகட்டும்" என்றார். "வேதம் எல்லார் வீட்டு அலமாரியிலயும் இருக்கு. மறுபடி எழுதிக்கலாம். மத்த பத்து?"

"அதுல பேர் இல்லையே. அதைப் புதைக்க முடியாது. நியாயமா குப்பையிலதான் போடணும்."

"போட்டுட்டீங்களா?"

கால்மன் கண்ணை மூடிக்கொண்டார்.

"போடத்தான் போனேன்" என்றார் அன்ஷெல். "எங்க வீட்டுக்காரி விடல. வியாழக்கிழமையிலேர்ந்து அந்தப் பெட்டிகளோடதான் குடித்தனம் பண்றா. பாஸ்காவுக்கு நாலு நாள்தான் இருக்கு, அடுப்பு இன்னும் தேய்க்கல. தயவுசெஞ்சு வந்து எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஹிண்டே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து ஒன்பதாவது பெட்டியின் மேல் போட்டார். பிறகு செருப்பைத் தேடப் போனார்.

அன்ஷெலின் மனைவி பெர்ல் பொய்முடி செய்கிறவர். கல்யாணமான பெண்கள் தங்கள் முடியை மறைத்து அணிவதைத் தைத்து, வெட்டி, சீவித் தருவார். இரண்டாம் மாடியில் வீடு. நாங்கள் போனபோது வீட்டுக்குள் இல்லை. வெளி பால்கனியில், கனத்த கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பெட்டிகள், மேலே காற்றுக்குக் கல் வைத்து. சீட்டுகளில் ரொட்டித் தூள் இருந்ததால் சுத்தம் செய்த வீட்டுக்குள் அவற்றை அவர் விடவில்லை. படிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே வியாழனும் வெள்ளியும் அந்தக் குளிரில் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

"ரொட்டிக் கடை ஹிண்டே!" என்றார் பார்த்ததும். "நீங்களா? வாரா வாரம் உங்க கையாலதானே வாங்கறேன்!"

"மெல்லிசு!" என்றார் ஹிண்டே. வாடிக்கையாளர்களை அவர் ரொட்டியின் தடிமனை வைத்துத்தான் அறிவார். "கறுப்பு ரொட்டி, மெல்லிசா வெட்டினது!"

"இதுல உங்க பேரைப் போடலியே நீங்க. நேத்து சபாத் முடிஞ்சதிலேர்ந்து ஊர்ல இருக்கிற அத்தனை வாத்தியார் வீட்டுக்கும் போன் பண்ணிக் கேட்டேன், இது யாருதுன்னு."

"நான் உங்களுக்குத்தான் பண்ணிட்டிருந்தேன்!"

"பாரு கூத்தை. ரொட்டி வாசனை மூக்கைத் துளைக்குது, எனக்குப் புத்தி வாத்தியார் பின்னாடியே போயிருக்கு."

ஹிண்டே ஒரு பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது. சீட்டின் ஓரத்தில் நீல மையில் வேறொரு கையெழுத்து.

"இது என்ன?"

"தப்பா இருந்துச்சு. சரி பண்ணேன்."

காற்று சட்டென்று இன்னும் குளிர்ந்தது போல இருந்தது. கால்மன் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

"தப்பா? இருபத்திரண்டு வருஷமா என் காதால கேட்டு எழுதினது."

"கேட்டது சரிதான். இதோ, இதை நானேதான் சொல்லியிருக்கேன். 'மெல்லிசு கேட்கும் அம்மாள்'னு எழுதியிருக்கீங்க. பொய்முடி செய்யற என்னை நானே 'மாஹெரின்'னு சொன்னேன்னு போட்டிருக்கு. சொல்லியிருப்பேன். கடைல முன்னாடி நாலு பேர், பின்னாடி ஆறு பேர். நல்ல சட்டை போட்ட மாதிரி நல்ல வாலைப் போட்டுப் பேசுவேன். ஆனா என் நாற்காலியில வந்து உக்காந்து, தலைத்துணியை அவுத்து வச்சுட்டு, கண்ணாடியைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசறாளே, அவ என்னை மாஹெர்கேன்னுதான் சொல்லுவா. நானும் அப்படித்தான். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'கே' வந்தா மரியாதை குறைச்சல்னு."

"குறைச்சல்தானே?"

"பிரியம்மா அது! பிரியம்! நீங்க கேட்டதெல்லாம் நின்னுகிட்டுப் பேசினது. உக்காந்து பேசறவங்க பேச்சை நீங்க எங்க கேட்டீங்க?"

 ஹிண்டே ஒரு சீட்டை எடுத்தார், நீல எழுத்தைப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தான் நம்பியதில் பாதியை நல்ல மனதோடு கைவிடுவதைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. புத்தகம் எழுதியவர்களிடம்கூட அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஹிண்டேக்கு அதற்கு நாலு சீட்டு ஆனது.

"இது யாரு சொன்னது? எந்தக் கிழமை?" என்றார் கடைசியில்.

பெர்ல் ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காரு, சொல்றேன்."

உள்ளேயிருந்து அன்ஷெலின் குரல் கேட்டது. "பெர்ல்! அடுப்பு!"

"தேய்ங்களேன், கையா இல்ல?" என்றார் பெர்ல், தலையைத் திருப்பாமல்.

பத்துப் பெட்டிகளும் கடைசியில் கால்மன் முதலில் நினைத்த இடத்துக்கே வந்து சேர்ந்தன, என் வீட்டுக்கு. இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் மேலே வைக்கும்போது ஹிண்டேயை ஒரு பார்வை பார்த்தார்.

பண்டிகையின் நடு நாட்களில் தினமும் மதியம் ஹிண்டேயும் பெர்லும் மாடியேறி வந்தார்கள். பெட்டிகளைத் தொடவில்லை, உள்ளே ரொட்டித் தூள் இருந்தது. எழுதவும் இல்லை, அந்த நாட்களில் எழுதுவதைத் தவிர்ப்பார்கள். எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

மூன்றாவது நாள் பெர்ல் ஒரு சொல்லைச் சொன்னார். பொய்முடி வைத்துக்கொள்ளச் சோம்பல்படுகிற பெண்ணைக் கிண்டல் செய்யும் சொல். ஹிண்டே கேட்டதே இல்லையாம். கையைப் பிசைந்தார். பிறகு என் மேஜையில் கிடந்த பேனாவைப் பார்த்தபடி அந்தச் சொல்லை ஒருமுறை உரக்கச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார். மூன்றாம் முறை மெதுவாக, அசை பிரித்து.

"நல்ல பேனா" என்றார் அன்று கூட வந்திருந்த கால்மன், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "சும்மாவே கிடக்கு பாவம்."

எனக்கு அவர்கள் எழுத்து தெரியாது. தமிழில் எழுதினேன். அடித்தொண்டையிலிருந்து வரும் அவர்கள் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. 'ஹ' போட்டு ஒப்பேற்றினேன். அப்படி எட்டுச் சீட்டு.

பண்டிகை முடிந்ததும் ஹிண்டே பெட்டிகளைக் கீழே எடுத்துப்போனார். நான் வாசித்துக் காட்ட, எட்டுச் சீட்டையும் தன் எழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டார். என் சீட்டுகளைக் கிழித்துப் போடலாமா என்று கேட்டேன்.

"ஏன்? கேட்டு எழுதினது கேட்டு எழுதினதுதான்" என்றார். புதிதாக ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து, பக்கவாட்டில் பெரிதாக ஒன்பது என்று எழுதினார். என் எட்டுச் சீட்டையும் அதற்குள் போட்டார். அவற்றின் மேல், பண்டிகைக்குப் பிறகு பெர்ல் தன் கையால் எழுதிக் கொடுத்த நீல மைச் சீட்டுகள். அவற்றில் ரொட்டித் தூள் இல்லை, அங்கங்கே ஒன்றிரண்டு முடி ஒட்டியிருந்தது.

பிறகு மூடியில், கடவுளின் பெயர் எதுவும் இதில் இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி, தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டார்.